ஒரே கம்பெனி, இரண்டு கணக்கு: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்கக் கன்சல்டிங் நிறுவனங்களில் அரசாங்கப் பிரிவும் வணிகப் பிரிவும் ஒட்டாமல் இயங்குவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. அரசுக் கான்ட்ராக்ட் கணக்கிலும் கொள்முதல் சட்டத்திலும் பழகியவர்கள் பதில் தருகிறார்கள்.

கே: வர்ஜீனியாவில் ஒரு பெரிய கன்சல்டிங் கம்பெனியின் அரசாங்கப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். வணிகப் பிரிவில் இருக்கும் நண்பனுக்கும் எனக்கும் ஒரே லோகோ, ஒரே கட்டடம். ஆனால் லேப்டாப் வேறு, டைம்ஷீட் விதி வேறு, போனஸ் வேறு. அவன் புராஜெக்டில் இரண்டு வாரம் கைகொடுக்கட்டுமா என்று கேட்டால் மேனேஜர் பதறுகிறார். எல்லாம் ரகசியத்துக்காகவா?

ப: ரகசியம் மூன்றாவது காரணம். நலன் முரண், அதாவது ஒரு வாடிக்கையாளரின் நலன் இன்னொருவரின் நலனோடு மோதுவது, இரண்டாவது. முதல் காரணம் வெறும் கணக்கு.

வணிக வாடிக்கையாளர் விலையைப் பேசி முடிப்பார். அந்த விலைக்குள் உங்கள் சம்பளம் எவ்வளவு, ஆபீஸ் வாடகை எவ்வளவு என்று அவர் கேட்கப்போவதில்லை. அரசாங்கம் 'செலவு ஈடு' வகைக் கான்ட்ராக்டில் உங்கள் செலவைத் திருப்பித் தந்து, மேலே ஒரு கட்டணமும் தருகிறது. செலவைத் தருபவருக்கு அந்தச் செலவைத் தோண்டிப் பார்க்கும் உரிமையும் உண்டு.

ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் சம்பளம் மணிக்கு 60 டாலர். விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியம் சேர்ந்த ஃப்ரிஞ்ச் 35 சதவீதம் என்றால் 21 டாலர், ஆக 81. வாடகை, மேற்பார்வை போன்ற பிரிவின் பொதுச் செலவான ஓவர்ஹெட் 30 சதவீதம்: 24.30, ஆக 105.30. அதன் மேல் நிறுவனப் பொது நிர்வாகச் செலவு 10 சதவீதம்: 10.53. அரசுக்குப் போகும் செலவு 115.83 டாலர். கட்டணம் தனி. அது டாலரில் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படும். செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும்படி கான்ட்ராக்ட் எழுதுவதைச் சட்டமே தடுக்கிறது.

இப்போது வணிகப் பிரிவு புதிய வாடிக்கையாளர்களைப் பிடிக்கச் செய்த செலவு, தெரிந்தோ தெரியாமலோ, பொது நிர்வாகக் குவியலில், அதாவது எல்லாப் புராஜெக்டுகளுக்கும் பங்கிடும் செலவுத் தொகுப்பில், கலந்துவிட்டது என்று வையுங்கள். 10 சதவீதம் 14 ஆகிறது. 115.83 இப்போது 120.04. மணிக்கு 4.21 டாலர்தானே என்று தோன்றும். ஆண்டுக்கு 1,880 மணி நேரம் வேலை செய்யும் 1,000 பேருக்குக் கணக்குப் போட்டால் 79 லட்சம் டாலருக்கு மேல். வணிகப் பிரிவின் வளர்ச்சிக்கு வரி கட்டுபவர் கொடுத்த மொய் அது.

இது கற்பனை ஆபத்து இல்லை. பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற அமெரிக்கக் கன்சல்டிங் நிறுவனம் 2023 ஜூலையில் அமெரிக்க நீதித்துறையோடு 37.7 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. வணிக, வெளிநாட்டுப் பணிகளின் மறைமுகச் செலவுகளை (ஓவர்ஹெட், பொது நிர்வாகம் போன்றவை) ஏறக்குறைய 2011 முதல் 2021 வரை அரசுக் கான்ட்ராக்டுகள் மேல் ஏற்றியது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே பணத்தைக் கட்டியது. விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் அங்கே வேலை பார்த்த ஒருவர். அவருக்குச் சட்டப்படி கிடைத்த பங்கு மட்டும் ஏறத்தாழ 7 கோடி டாலர்.

இதனால்தான் அரசாங்கப் பிரிவுக்குத் தனிக் குவியல்கள். மது, கேளிக்கை, நன்கொடை, அரசியல் பரிந்துரை வேலை, பெரும்பாலான விளம்பரம் ஆகியவற்றை அரசு ஏற்காது. அவற்றைப் பிரித்தெடுத்துத் தனிக் கணக்கில் போட வேண்டும். தலைமை அலுவலகச் செலவை எந்தப் பிரிவுக்கு எந்த அடிப்படையில் பங்கிடுவது என்பதையும் பெரிய கான்ட்ராக்டுகள் வைத்திருக்கும் நிறுவனம் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். நடுவில் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

இரண்டு வார உதவிக்கு வருவோம். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்த 80 மணி நேரச் சம்பளமும் அதன் பங்கு ஓவர்ஹெட்டும் உங்கள் நண்பனின் புராஜெக்டுக்குப் போய்ச் சேர வேண்டும். 'சும்மா ஒரு கை கொடுத்தேன்' என்று நீங்கள் டைம்ஷீட்டில் பழைய அரசு சார்ஜ் கோடையே (நேரம் எந்தப் புராஜெக்டின் கணக்கில் ஏறும் என்று காட்டும் குறியீட்டு எண்) போட்டால் அங்கேதான் வில்லங்கம். போவதற்கு முன் வணிகப் பிரிவின் சார்ஜ் கோடும், இரு மேனேஜர்களின் எழுத்து ஒப்புதலும் கையில் இருக்கட்டும். மேனேஜர் பதறுவது அநேகமாக அதற்காகத்தான்.

கே: டைம்ஷீட்டைத் தினமும் போடச் சொல்கிறார்கள். வாரக் கடைசியில் மொத்தமாகப் போட்டால் என்ன குடி முழுகிவிடும்?

ப: கன்சல்டிங்கில் சரக்கே மனித நேரம்தான். டைம்ஷீட்தான் பில்லுக்கு மூல ஆவணம். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து திங்கட்கிழமையை நினைவிலிருந்து எழுதினால் அது பதிவு இல்லை, மதிப்பீடு. பாதுகாப்புத் துறையின் கான்ட்ராக்ட் தணிக்கை முகமையிலிருந்து முன்னறிவிப்பில்லாமல் ஆள் வரலாம். வந்தவர் உங்கள் மேசைக்கே வந்து, "இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் கோட், நேற்றைய பதிவைக் காட்டுங்கள்" என்பார். நேற்றைய கட்டம் காலியாக இருந்தால் அவர் குறிப்பேட்டில் ஒரு வரி கூடும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை இவை. வேலை தொடங்குமுன் கோட் வாங்குங்கள். உங்கள் நேரத்தை நீங்களே பதியுங்கள்; மேனேஜர் எண் சொல்லி நீங்கள் எழுதக் கூடாது. திருத்தம் வந்தால் பழைய எண், புதிய எண், காரணம் மூன்றும் தெரிய வேண்டும். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கும் நாள் ஓவர்ஹெட் கோடில், டெண்டர் எழுதும் நாள் டெண்டர் கோடில்.

இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்குகிறார்கள். முதலாவது, ஒரு கான்ட்ராக்டில் பணம் தீர்ந்துவிடும். "பணத்தைக் கூட்டும் அடுத்த கான்ட்ராக்ட் மாற்றாணை வரும்வரை அந்த இன்னொரு கோடில் போட்டு வை" என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். பிறகு சரிக்கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான். சட்டத்தின் கண்ணில் அது தவறான பில். நிலையான விலையில் எடுத்த வேலை நஷ்டத்தில் ஓடும்போது அதன் மணி நேரங்களைச் செலவு ஈடு கான்ட்ராக்டுக்குத் தள்ளுவதும் இதே ரகம். தணிக்கையாளர்கள் முதலில் தேடுவதே இதைத்தான்.

இரண்டாவது, கூடுதல் நேரம். மாதச் சம்பளக்காரருக்கு 40 மணிக்கு மேல் பணம் இல்லை, பிறகு எதற்குப் பதிய வேண்டும் என்று கேட்பார்கள். வாரச் சம்பளம் 2,400 டாலர். அந்த வாரம் அரசு வேலை 40 மணி, வணிக வேலை 10 மணி. 40 மணியை மட்டும் எழுதினால் முழு 2,400 டாலரும் அரசு தலையில். 50 மணியையும் எழுதினால் மணிக்கு 48 டாலர். அரசுக்கு 1,920, வணிகப் புராஜெக்டுக்கு 480. எழுதாமல் விட்ட 10 மணி நேரம், அரசிடம் 480 டாலரைக் கூடுதலாக வாங்கியதற்குச் சமம்.

இப்படிப்பட்ட தவறான பில்களுக்குப் பாயும் பொய்க் கோரிக்கைச் சட்டம் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863இல், ராணுவத்துக்குச் சரக்கு விற்று ஏமாற்றியவர்களுக்காக வந்தது. இன்று நஷ்டத்தின் மூன்று மடங்கு, அதற்கு மேல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அபராதம். புகார் சொன்னவருக்கு, வசூலாகும் தொகையில், அரசு வழக்கில் சேர்ந்தால் 15 முதல் 25 சதவீதம், சேராவிட்டால் 25 முதல் 30 வரை.

டைம்ஷீட் மட்டுமல்ல, பயணச் செலவும் இப்படித்தான். விமான நிறுவனம், ஹோட்டல், கிரெடிட் கார்டு கம்பெனி ஆண்டுக் கடைசியில் தரும் தள்ளுபடித் தொகையில் அரசுப் பயணங்களுக்கான பங்கு அரசுக்கே போக வேண்டும். அந்தத் தொகையைத் தானே வைத்துக்கொண்டது என்ற வழக்கில் தணிக்கை, ஆலோசனை நிறுவனமான பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் 2005இல் 4.19 கோடி டாலர் கட்டியது.

கே: மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றுக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். இப்போது அதே கம்பெனியின் வணிகப் பிரிவில் மருந்து நிறுவனங்களுக்கான குழுவுக்கு மாற விருப்பம். 'சுவர் வைத்துவிடுவோம், கவலை வேண்டாம்' என்கிறார்கள். அது போதுமா?

ப: எந்த வகை முரண் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கொள்முதல் சட்டத்தில் நிறுவன நலன் முரணை நெடுங்காலமாக மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார்கள். ஒன்று, அரசு வேலையில் கிடைத்த, மற்றவர்களுக்குக் கிடைக்காத தகவல். இரண்டு, விதியை எழுதியவனே போட்டியிலும் இறங்குவது. டெண்டர் நிபந்தனையை நீங்கள் வரைந்து, அந்த டெண்டரை உங்கள் கம்பெனியே எடுப்பது. மூன்று, நடுநிலை கெடுவது. உங்கள் இன்னொரு வாடிக்கையாளரின் வேலையை நீங்களே அரசுக்காக மதிப்பிடுவது.

தகவல் தடுப்புச் சுவர், அதாவது ஒரு குழுவின் கோப்பையும் பேச்சையும் இன்னொரு குழுவிடமிருந்து மறைக்கும் ஏற்பாடு, முதல் வகைக்கு மருந்து. மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் உதவாது, ஏனென்றால் அங்கே சிக்கல் நிறுவனத்தின் லாப நோக்கில் இருக்கிறது. அந்த நோக்கம் கோப்புறைக்குப் பூட்டுப் போட்டால் போய்விடாது. இரண்டு குழுவின் லாபமும் ஒரே பங்குதாரர்களின் பையில் விழும்வரை சுவர் காகிதச் சுவர்தான். இந்த வகைகளில் அந்த வேலையை விட்டுவிடுவது, துணைக் கான்ட்ராக்டரிடம் கொடுப்பது, அரசிடம் விலக்குக் கேட்பது என்ற வழிகள்தான் உண்டு.

மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனத்தின் விவகாரம் இதற்கு நேரடி உதாரணம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கும் ஓபியாய்டு (அடிமைப்படுத்தக்கூடிய வலி நிவாரணி) மருந்து உற்பத்தியாளர்களுக்கும் குறைந்தது 22 ஆலோசகர்கள் இரு பக்கமும் வேலை செய்திருந்ததாகப் பிரதிநிதிகள் அவைக் குழுவின் 2022 ஏப்ரல் அறிக்கை சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவன நலன் முரணைத் தடுப்பதற்கான சட்டம் ஒன்று கையெழுத்தானது. 2024 டிசம்பரில் பர்டியூ என்ற ஓபியாய்டு மருந்து நிறுவனத்துக்காகச் செய்த பணி தொடர்பாக மெக்கின்சி 65 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. முரணை அந்த நிர்வாகத்துக்கு வெளியிடவில்லை என்ற குற்றச்சாட்டும் அதில் அடக்கம்.

நீங்கள் மாறுவதற்கு முன் செய்ய வேண்டியது: அரசுக் கான்ட்ராக்டில் உள்ள நலன் முரண் பிரிவை வரி வரியாகப் படியுங்கள். சிலவற்றில் வேலை முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை இருக்கும், அது ஆளுக்கும் பொருந்தலாம், நிறுவனத்துக்கும் பொருந்தலாம். நீங்கள் தனிப்பட்ட முறையில் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தங்களின் நகல்களை வாங்குங்கள். வேலை மாறினாலும் அவை தொடரும். பழைய பகிர்வுக் கோப்புறைகளில் உங்கள் அனுமதி எந்தத் தேதியில் நீக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். கடைசியாக, புதிய குழுவில் முதல் சில மாதங்களுக்கு அந்த அமைப்பின் முன் நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்கள் பக்கம் போகாத வேலையாகப் பாருங்கள்.

"அவர்கள் உள்ளே என்ன யோசிக்கிறார்கள்?" என்று புதிய வாடிக்கையாளர் சாதாரணமாகக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர்வதற்குத்தான் உங்களுக்குப் பயிற்சி வேண்டும்.

கே: இவ்வளவு தொல்லை என்றால் இரண்டையும் இரண்டு கம்பெனியாகவே உடைத்துவிடலாமே?

ப: உடைத்திருக்கிறார்கள். பூஸ் ஆலன் ஹாமில்டன் 2008 ஜூலையில் பிரிந்தது. அமெரிக்க அரசுப் பிரிவின் பெரும்பங்கை கார்லைல் குழுமம் என்ற முதலீட்டு நிறுவனம் 254 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. பெயர் அங்கேயே தங்கியது. வணிகப் பிரிவு பூஸ் அண்ட் கம்பெனி என்று தனியே போய், 2014இல் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸுடன் சேர்ந்தது. அதே பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் தன் அமெரிக்க அரசுத் துறைப் பிரிவை 2018இல் வெரிடாஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. அதுதான் இன்றைய கைட்ஹவுஸ். பேரிங்பாயிண்ட் என்ற கன்சல்டிங் நிறுவனம் 2009இல் திவால் ஆனபோது அதன் வட அமெரிக்கப் பொதுச் சேவைப் பிரிவை டெலாய்ட் 35 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

இவை பெரும்பாலும் லாபத்தைப் பார்த்து எடுத்த முடிவுகள். அரசுப் பிரிவில் ஆள் அதிகம், மணி விலை குறைவு, கான்ட்ராக்ட் பல ஆண்டுகள். வணிகப் பிரிவில் சின்னக் குழு, பெரிய கட்டணம், பங்குதாரர்களுக்குப் பெரிய பங்கு. இரண்டையும் ஒரே சம்பள ஏணியில் நிறுத்துவது கஷ்டம்.

வற்புறுத்தலால் நடந்த பிரிவு ஆஸ்திரேலியாவில். பன்னாட்டு நிறுவனங்களின் வரி ஏய்ப்பைத் தடுக்கும் சட்டத்துக்காக அரசு நிதித்துறையோடு ரகசியமாகக் கலந்தாலோசித்த பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் வரி நிபுணர் அந்தத் தகவலைத் தன் நிறுவனத்துக்குள் கசியவிட்டார். 2023இல் அது வெடித்தபோது, அந்த நிறுவனம் அந்நாட்டில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் தன் பிரிவையே அலெக்ரோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 1 ஆஸ்திரேலிய டாலருக்குக் கொடுத்துவிட்டது. சைன் அட்வைசரி என்ற பெயரில் அது இயங்குகிறது. சுவர் இடிந்தால் பிரிவின் விலை எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்த 1 டாலர் போதும்.

ஆனால் உடைத்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கைட்ஹவுஸ் மறு ஆண்டே நேவிகன்ட் என்ற கன்சல்டிங் நிறுவனத்தை 110 கோடி டாலருக்கு வாங்கி, வணிக வாடிக்கையாளர்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டது. பூஸ் ஆலனும் போட்டித் தடை முடிந்த 2011இல் வணிகப் பக்கம் திரும்பியது. மேலே சொன்ன 37.7 கோடி வழக்கின் தொடக்க ஆண்டையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். அரசு வேலை மட்டும் செய்யும்போது எல்லாச் செலவும் ஒரே குவியலில் போனால் பாதகமில்லை. வணிக வேலை உள்ளே வந்த அன்றே குவியலைப் பிரித்தாக வேண்டும்.

கே: ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். அரசாங்கப் பிரிவில் சேர முடியுமா?

ப: பாதுகாப்பு கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதி) அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே, அது கேட்கும் வேலைகளை மறந்துவிடுங்கள். கிளியரன்ஸ் இல்லாத மத்திய அரசு வேலைகளிலும் பல முகமைகள் குடியுரிமை அல்லது குறிப்பிட்ட ஆண்டு வசிப்பைக் கேட்கும். அது கான்ட்ராக்டுக்குக் கான்ட்ராக்ட் மாறும். ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளில் கிரீன் கார்டு உள்ளவர் 'அமெரிக்க நபர்' என்ற வரையறைக்குள் வருவார், ஹெச்-1பி உள்ளவர் வரமாட்டார். அந்த வகைத் தொழில்நுட்பக் கோப்பை அமெரிக்க மண்ணிலேயே அவர் திரையில் காட்டினாலும் ஏற்றுமதிதான்.

மாநில அரசு, நகராட்சி, பல்கலைக்கழகப் புராஜெக்டுகளில் கதவு பல இடங்களில் திறந்திருக்கும். பெரிய நிறுவனங்களில் இவையும் 'அரசாங்கப் பிரிவு' என்ற ஒரே பெயருக்குள்தான் வரும். நேர்காணலில் "மத்தியா, மாநிலமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கே: 50 பேர் கொண்ட எங்கள் ஐ.டி. கன்சல்டிங் நிறுவனம் முதல் முறையாக மத்திய அரசு வேலைக்குப் போகிறது. அதற்கென்று தனிக் கம்பெனி தொடங்கினால் சிறு தொழில் சலுகையும் எளிதாகக் கிடைக்கும் என்கிறார் நண்பர்.

ப: நண்பரின் இரண்டாம் பாதி தவறு. சிறு தொழில் நிர்வாகம் இணைப்பு நிறுவனங்களின் வருமானத்தையும் சேர்த்தே கணக்கிடும், அதுவும் ஐந்து ஆண்டுச் சராசரியில். ஒரே உரிமையாளர் என்றால் தனிப் பெயர்ப் பலகை எதையும் மறைக்காது.

முதல் பாதிக்கும் அவசரம் இல்லை. சிறு நிறுவனங்களின் கான்ட்ராக்டுகளுக்குச் செலவுக் கணக்குத் தரநிலைகளிலிருந்து (செலவைப் பிரித்துப் பங்கிடுவதற்கான அரசின் கணக்கு விதிகள்) விலக்கு உண்டு. ஒரே நிறுவனத்துக்குள் கணக்குப் புத்தகத்தை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்: ஒவ்வொரு கான்ட்ராக்டுக்கும் தனிப் புராஜெக்ட் எண், அரசு, வணிகம் என இரண்டு ஓவர்ஹெட் குவியல், அரசு ஏற்காத செலவுக்கென்று தனிக் கணக்குத் தலைப்பு, தினசரி டைம்ஷீட், மாதா மாதம் பேரேட்டோடு ஒத்துப்பார்த்தல். எஸ்.எஃப். 1408 என்ற படிவம் அரசு உங்கள் கணக்கு முறையைப் பரிசோதிக்கும் பட்டியல். டெண்டர் போடுமுன் அதை நீங்களே ஒரு முறை நிரப்பிப் பாருங்கள், ஓட்டை தானாகத் தெரியும். செலவு ஈடு கான்ட்ராக்ட் கிடைத்தால், நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் உண்மைச் செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் முதல் ஆண்டில் தவறவிடும் தேதி இதுதான்.

பாதுகாப்புத் துறை வேலை என்றால் கணினிப் பக்கமும் பிரியும். கட்டுப்படுத்தப்பட்ட அரசுத் தகவலை (ரகசிய முத்திரை இல்லாவிட்டாலும் பாதுகாக்க வேண்டியது) தொடும் கணினிகளுக்கு, அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி.யின் 800-171 தரத்தின் 110 கட்டுப்பாடுகள் பொருந்தும். 50 பேரின் எல்லாக் கணினியையும் அந்த நிலைக்குக் கொண்டுவருவது பணத்தைக் கொட்டும் வேலை. அரசு வேலை பார்க்கும் 8 பேருக்கு மட்டும் தனி மின்னஞ்சல், தனிச் சேமிப்பு, தனி லேப்டாப் என்று ஒரு தனி வளாகம் அமைத்தால் தணிக்கையும் அந்த வளாகத்தோடு நிற்கும். யாராவது ஒரு கோப்பைப் பொதுச் சேமிப்புக்கு இழுத்துப் போட்டால் வளாகத்தின் எல்லை அங்கேயே உடைந்தது.

இன்னொன்று: மத்திய அரசின் கொள்முதல் முகமையான ஜி.எஸ்.ஏ.யின் விலைப்பட்டியலில் சேர்ந்தால், வணிக வாடிக்கையாளருக்கு நீங்கள் தரும் தள்ளுபடியும் அரசின் கணக்கில் வரக்கூடும். எந்த வாடிக்கையாளர் வகையோடு ஒப்பிட்டு விலை பேசினீர்களோ, அவர்களுக்கு விலை குறைத்தால் அரசுக்கும் குறைக்க வேண்டிய நிபந்தனை கான்ட்ராக்டில் இருக்கலாம். தள்ளுபடி விவரத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்ற வழக்கில் மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள் 2011இல் 19.95 கோடி டாலர் கட்டியது. வணிகப் பக்கம் தள்ளுபடி தரும் விற்பனையாளருக்கு இந்த நிபந்தனை தெரிந்திருக்க வேண்டும், பெரும்பாலும் தெரியாது.

கே: அரசாங்கப் பிரிவில் பதவி உயர்வு ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது?

ப: கான்ட்ராக்டில் உங்கள் பணிவகை எழுதப்பட்டிருக்கும்: இன்ன படிப்பு, இத்தனை ஆண்டு அனுபவம், இன்ன மணி விலை. கம்பெனி உங்களைச் சீனியர் ஆக்கினாலும் அந்தக் கான்ட்ராக்டில் சீனியர் இடம் காலியில்லை என்றால் பில் பழைய விலைக்கே போகும், வித்தியாசம் பிரிவின் லாபத்திலிருந்து கழியும். உயர்வு வேண்டுமென்றால் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரத்தைக் குறிவைத்து, ஆறு மாதம் முன்பே பேச்சை எடுங்கள்.

கே: வணிகப் பிரிவில் இருக்கிறேன். அரசுக் குழுவின் டெண்டர் மதிப்பீட்டுக் கோப்பு ஒன்று தவறுதலாக என் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது. அழித்துவிடவா?

ப: அழிக்காதீர்கள். திறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவருக்கு 'தவறி வந்துவிட்டது' என்று பதிலும் போடாதீர்கள். சட்டப் பிரிவைத் தொலைபேசியில் அழையுங்கள். வந்த நேரம், பார்த்த நேரம், திறந்தீர்களா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டிருந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். அந்த டெண்டரில் உங்கள் வாடிக்கையாளரும் போட்டியிடுகிறார் என்றால், அந்த வேலையிலிருந்து உங்களை விலக்குவதா என்பதைச் சட்டப் பிரிவு முடிவு செய்யும். அந்த முடிவு எழுத்தில் கைக்கு வரும்வரை அந்த வாடிக்கையாளரின் கூட்டங்களுக்குப் போக வேண்டாம்.